ஏழில் செவ்வாய், முப்பத்திரண்டு ஜிபி

மணிமேகலைக்கு ஏழாம் வீட்டில் செவ்வாய் இருந்தது. அது அவள் செய்த குற்றமல்ல. செவ்வாயும் அதற்குப் பொறுப்பல்ல. கோடிக்கணக்கான மைல் தொலைவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செம்மண் உருண்டைக்கு, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளி விவசாயிக்கு மகள் பிறந்ததே தெரியாது. ஆனாலும் இருபது வயதில் அவளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பை அச்சடித்துக் கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் பாலக்கோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும் இடத்தில் பலகை: சென்றாயப் பெருமாள் துணை, கிருஷ்ணப்பன் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். கிருஷ்ணப்பன் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். 1997இல் பெங்களூர் போய் இந்த மெஷினையும், ஜாதகம் கணிக்கும் புரோகிராமையும், ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் கிறீச்சிட்டு அடிக்கும் ஒரு பிரிண்டரையும் வாங்கி வந்தார். டைப் அடிக்க வந்த பிள்ளைகளைவிட ஜாதகம் எடுக்க வந்த பெற்றோர் அதிகமானார்கள். இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டார்.

மெஷினின் பெருமையெல்லாம் அதன் சத்தத்தில் இருந்தது. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் அடித்து என்டரைத் தட்டினால், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கும். திரையில் ஒன்றும் வராது. அரைத்துக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தாமாகவே கைகூப்புவார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "கிரகத்தோட பேசிக்கிட்டு இருக்குது, யாரும் பேசாதீங்க," என்பார் கிருஷ்ணப்பன். உண்மையில் உள்ளே ஒரு தட்டு சுற்ற, அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடி, எழுதிவைத்த கணக்கைத் தேடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், மெதுவாகத் தேடியது. மெதுவாக நடப்பதையெல்லாம் ஆழமாக நடப்பதாக எண்ணிக்கொள்வது நம்மவர்களின் நெடுநாள் வியாதி. அதன் மேல் கிருஷ்ணப்பன் இன்னொரு வழக்கத்தையும் கிளப்பிவிட்டார். பெண், மாப்பிள்ளை இரண்டு ஜாதகமும் ஒரே மெஷினில் எடுத்ததாக இருந்தால்தான் பொருத்தம் பார்க்கலாம். வேறு வேறு மெஷின் என்றால் கணக்கு ஒட்டாது என்றார். ஊர் ஒத்துக்கொண்டது.

1999இல் மணிமேகலையை அவளுடைய அப்பா அந்த மாடிக்கு அழைத்துப்போனார். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாள். மெஷின் அரைத்தது. பிரிண்டர் கிறீச்சிட்டது.

"ஏழுல செவ்வாங்க. தோஷம். போற வூட்டுக்கு ஆகாது," என்றார் கிருஷ்ணப்பன், வெளியே தூறல் போடுகிறது என்று சொல்வதைப் போல.

வந்த வரன்கள் திரும்பிப் போயின. கடைசியில் மாரண்டஹள்ளியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பரிகாரம் செய்துவிட்டால் சம்மதம் என்றது. பரிகாரத்தையும் கிருஷ்ணப்பனே சொன்னார். பெண்ணை வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிட வேண்டும். தோஷம் மரத்தோடு போய்விடும்.

சின்னாற்றங்கரையில் ஒரு வாழைமரத்தின் முன்னால், பட்டுப்புடவையில் அவளை உட்காரவைத்தார்கள். மரத்தின் சார்பில் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அண்ணன் காளியப்பன் அரிவாளால் மரத்தை வெட்டினான். பூசாரி அதே கயிற்றை அறுத்தார். வளையலை உடைத்தார்கள். "புருசன் செத்துக் கெடக்கறான், அழுவு," என்றாள் சின்னம்மா ஒருத்தி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணிமேகலை அழுதாள். எதற்காக அழுதாள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாரண்டஹள்ளியிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா யோசித்துப் பார்த்தாளாம். "ஒருக்கா தாலி அறுத்தவளை எப்பிடிங்க எங்க வூட்டுக்குக் கொண்டாருவோம்?"

எவ்வளவு கச்சிதமான அயோக்கியத்தனம் பாருங்கள். வாழைக்குக் கட்டாவிட்டால் தோஷக்காரி. கட்டினால் விதவை. இரண்டு வாசலையும் அடைத்துவிட்டு, உள்ளே மூச்சுமுட்டி நிற்கிறவளைப் பார்த்து விதி என்றார்கள். வாழைக்காவது வெட்டிய இடத்தில் பக்கக்கன்று முளைத்தது.

அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காத அண்ணன், கிருஷ்ணப்பனிடமே வேலைக்குச் சேர்த்துவிட்டான். டைப் தெரிந்தவள். அதைவிடப் பெரிய தகுதி ஒன்றும் அவளுக்கு இருந்தது. பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் தயங்கினால், கிருஷ்ணப்பன் கீபோர்டின் முன்னால் இருக்கும் அவளைக் காட்டுவார்.

"இந்தப் புள்ளையப் பாருங்க. ஏழுல செவ்வா. எங்க மெஷின் அன்னைக்கே சொல்லிருச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்யாணம் கூடிச்சா? ஏன் மேகலை, கூடிச்சா?"

"இல்லீங்கய்யா," என்பாள் அவள்.

இருபத்திரண்டு வருடங்கள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். மெஷின் சொன்னதால் அவளை யாரும் கட்டவில்லை. யாரும் கட்டாததால் மெஷின் சொன்னது பலித்ததாயிற்று. இந்தச் செக்கில் ஒரு பெண்ணைக் கட்டி, அவள் கையாலேயே மற்றப் பெண்களின் ஜாதகத்தையும் ஆட்டவைத்தார் அந்த மனிதர். அவள் நம்பினாளா? பாதி நம்பினாள். நம்பாவிட்டால் தன் வாழ்க்கை எதற்காகப் போனது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியைவிடச் செவ்வாயே தேவலை.

வேலையில் அவள் சுத்தம். மெஷினுக்குள் இருந்த சிறு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால் அது காலையில் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண்விழிக்கும். அவள்தான் தேதியை அடித்து அதை இன்றைக்கு இழுத்துவருவாள். பிறகு மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைப்பாள். மூடியைக் கழற்றித் தூசு தட்டுவாள்.

அவளுடைய உயிர் அண்ணன் மகள் மலர்விழியிடம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் தூக்கி வளர்த்த பெண். அவளுக்கு ஜாதகம் எடு என்று காளியப்பன் சொன்னபோதெல்லாம், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தாள். ஏனென்றால் ஆளில்லாத ஒரு மத்தியானம் அவள் அதை எடுத்துப் பார்த்திருந்தாள். எட்டில் செவ்வாய். பெண்ணுக்கு எட்டாமிடம் கணவனின் ஆயுள் என்பது கிருஷ்ணப்பன் பாடம். திரையை அழித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

மலர்விழி டிப்ளமோ படித்து ஓசூரில் செல்போன் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே வேலை செய்த பென்னாகரத்துப் பையன் நவநீதனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. ஒரே சாதி. இரண்டு வீடும் முகம் சுளிக்கவில்லை. மிச்சம் இருந்தது பொருத்தம் ஒன்றுதான். நவநீதனின் அப்பா பச்சியப்பன் மகன் பிறந்தபோது கிருஷ்ணப்பனிடம் ஜாதகம் எடுத்தவர். அந்த மெஷினைத் தவிர வேறெதிலும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பொருத்தத்துக்கு நாள் குறித்த பிறகு, ஒரு காலையில் மெஷின் எழவில்லை. உள்ளே டக், டக் என்று எதுவோ முட்டியது. அப்புறம் அதுவும் நின்றது. டிஸ்க் செத்துவிட்டது.

மணிமேகலைக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அது ஒரு பகல்கூட நீடிக்கவில்லை. ஓசூரிலிருந்து மலர்விழி போன் செய்தாள்.

"அத்தை, அது ஓடலைன்னா இவங்கப்பா அடுத்த வருசம்னு தள்ளிடுவாரு. எப்பிடியாச்சும் ஓட வையி அத்தை. உனக்குத் தெரியாத மெஷினா?"

கிருஷ்ணப்பனோ அதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாதவரல்ல. ஜாதகம் இன்றைக்கு எல்லார் போனிலும் வருகிறது. அவரிடம் இருந்ததே அந்தப் பழைய பெட்டியின் மரியாதை ஒன்றுதான். "வெளிய தெரியாம தருமபுரிக்குக் கொண்டுபோயிட்டு வந்துரு மேகலை," என்றார். அவள் அதைத் தக்காளிப் பெட்டியில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பஸ் ஏறினாள்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சுபியான் கடை. கண்காணிப்புக் கேமரா, பில் அடிக்கும் மெஷின், எதுவானாலும் பழுது பார்ப்பான். ஒரு மூலையில் அவன் மனைவி தஸ்லீம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது. தக்காளிப் பெட்டியில கொண்டாந்திருக்கீங்க," என்றான் சுபியான். டிஸ்க்கைக் கழற்றி, தட்டி, ஆறவைத்து, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, பலமுறை கெஞ்சிப் பார்த்தான். கடைசியாக ஒரே ஒருமுறை அது சுற்றியது. உள்ளே இருந்ததையெல்லாம் நகலெடுத்துக்கொண்டான். "சாவறதுக்கு முன்னாடி வாக்குமூலம் வாங்கிட்டேன்க்கா."

பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சை போர்டை எடுத்தான். ஒரு பக்கம் பழைய டிஸ்க்கின் பட்டைக் கேபிள் செருகும் ஊசிகள். மறுபக்கம் ஓர் எஸ்டி கார்டு நுழையும் வாய். நகலெடுத்ததைக் கார்டில் ஏற்றி, வாயில் செருகி, செங்கல் கனத்துக்கு டிஸ்க் இருந்த இடத்தில் அதைத் திருகினான்.

"இவ்வளவுதானா தம்பி?"

"இதே அதிகம்க்கா. கேமராவுல போடற கார்டு. முப்பத்திரண்டு ஜிபி. உங்க மெஷினுக்கு ரெண்டு ஜிபிக்கு மேல கண்ணு தெரியாது. மிச்சமெல்லாம் சும்மா கெடக்கும்."

மெஷின் எழுந்தது. சோதித்துப் பார்க்க, மனப்பாடமாகத் தெரிந்த தன் பிறந்த விவரத்தையே அடித்தாள். என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் கட்டம் வந்துவிட்டது. ஏழில் செவ்வாய். ஒரு சத்தமும் இல்லை.

"சத்தமே காணோமே?"

"சத்தம் போட உள்ள என்ன இருக்குது? தட்டும் இல்ல, முள்ளும் இல்ல." சுபியான் சிரித்தான். "வெளிநாட்டுல இந்த மாதிரி மெஷினை ஆசைக்கு வெச்சிருக்கறவங்க இருக்காங்கக்கா. கார்டு போட்டப்புறம் சத்தம் இல்லாம மனசு ஆறலைன்னு, தட்டறதுக்குன்னே ஒரு குட்டி சாமான் மாட்டிக்கறாங்க. டிஸ்க் லைட்டு எரிஞ்சா டிக்டிக்டிக்குன்னு அடிக்கும். போட்டுத் தரட்டா?"

"ஐயோ, வேணாம் சாமி. இத்தனை வருசம் கேட்டதே போதும்."

அந்த மாடியில் சத்தம்தான் சரக்கு என்பதை, அதை வருடக்கணக்கில் விற்ற அவளே அன்று மறந்துவிட்டாள்.

"இன்னொருத்தருது போட்டுப் பாத்துருவோம்," என்றான் சுபியான். "நம்ம தஸ்லீமுது போடுங்கக்கா."

"எத்தனை மணிக்குப் பொறந்தீங்க?"

"விடியக்காலம், சுபுஹு பாங்கு சொல்றப்ப," என்றாள் தஸ்லீம், ஜெராக்ஸ் மூடியைத் தூக்கியபடி. "பாங்கோட சேந்து நீயும் கத்துனேன்னு எங்கம்மா சொல்லும்."

மணிமேகலை அடித்தாள். கட்டம் வந்தது. வீடுகளை விரலால் மறுபடியும் எண்ணினாள்.

"என்னக்கா, ராஜயோகமா?"

"எட்டுல செவ்வா."

"இருந்தா?"

"புருசன் ஆயுசுக்கு ஆகாதும்பாங்க."

சுபியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "அதான் ஹெல்மெட் போடு ஹெல்மெட் போடுன்னு உசுர எடுத்தியா?"

"கல்யாணமாகி பதினோரு வருசமாவுதுக்கா. மூணு புள்ள," என்றாள் தஸ்லீம். "எப்பதான் வேலையைக் காட்டும் இந்தச் செவ்வா? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். போன வருசம் மாடியிலேருந்து விழுந்தாரு. ஒரு சிராய்ப்புகூட இல்ல."

இருவரும் சிரித்தார்கள். மணிமேகலையால் முடியவில்லை. அந்த மாடிக்கு வந்தவர்கள் எல்லாம் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பின் என்ன ஆனார்கள் என்று மெஷினும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. எட்டில் செவ்வாய் உள்ள ஒருத்தி புருசனைத் திட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுப்பதை இன்றுதான் கண்ணால் பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில், மடியில் பெட்டியோடு, கணக்குப் போட்டாள். இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு. பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு தோஷம். பஸ்ஸில் அறுபது பேர் இருந்தால் இருபத்தைந்து பேர் தோஷக்காரர்கள். கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ஒருவன் மனைவியின் தோளில் வாய்பிளந்து தூங்கினான். யாரும் சாகவில்லை.

தனக்கான கணக்கு முடிந்துபோனது. மலருக்கான கணக்கு இன்னும் கையில் இருக்கிறது. நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினால் செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பொய்யான கணக்குக்குப் பொய்யான நேரம். அதில் பாவம் என்ன?

பொருத்த நாளில் இரண்டு வீட்டாரும் மாடியேறினார்கள். பச்சியப்பன், அவர் மனைவி கண்ணம்மாள், நவநீதன் ஒரு பக்கம். காளியப்பன், மலர்விழி மறுபக்கம். கிருஷ்ணப்பன் சூடம் காட்டினார். மணிமேகலை கீபோர்டில் கையை வைத்தாள்.

"பொறந்த நேரம்?"

"காலையில பத்து நாப்பதுங்க," என்றான் காளியப்பன்.

அவள் ஒன்பது நாற்பது என்று அடித்து என்டரைத் தட்டினாள். கட்டம் வந்து நின்றது. ஒன்பதில் செவ்வாய். சுத்தமான ஜாதகம். பிரிண்டருக்கு அனுப்பினாள். கிருஷ்ணப்பன் தாளைக் கிழித்துப் பார்த்து, "அம்சமா இருக்குதுங்க," என்றார். கண்ணம்மாள் மலர்விழியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

பச்சியப்பன் மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, ஓடவே இல்ல?"

"என்னது?"

"சத்தம். நவநீதனுக்கு எடுத்தப்ப இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ஒரு வெத்தலைய மென்னு முடிக்கற வரைக்கும் ஓடுச்சு. இப்ப தட்டுனதும் துப்பிருச்சே. கணக்குப் போட்டுச்சா, சும்மா வந்துச்சா?"

கிருஷ்ணப்பனுக்கு முகம் வெளுத்தது. உள்ளே இருப்பது கேமரா கார்டு என்று வெளியே தெரிந்தால் மாடிக்கு யார் வருவார்கள்? தாளை மீண்டும் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டினார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஏதாவது ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. கிடைத்தாள்.

"காளியப்பா, எத்தனை மணின்னு சொன்ன?"

"பத்து நாப்பதுங்க."

"இதுல ஒம்பது நாப்பதுன்னு இருக்குது." அவர் குரல் நிமிர்ந்தது. "மெஷின்ல கோளாறு இல்லீங்க. நேரத்தைத் தப்பா குடுத்தா அது எப்பிடி ஓடும்? பொய்யின்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு. எந்திரி மேகலை."

அவரே உட்கார்ந்து சரியான நேரத்தை அடித்தார். கட்டம் உடனே வந்தது. எட்டில் செவ்வாய். இப்போதும் மெஷின் அரைக்கவில்லை. கணக்குப் போட்டதா, சும்மா வந்ததா என்று இப்போது யாரும் கேட்கவில்லை. கெட்ட செய்திக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

"எட்டுலயா!" என்றாள் கண்ணம்மாள். கன்னத்தை வழித்த அதே கையால் மகனைப் பிடித்து மலர்விழியிடமிருந்து தள்ளி நிறுத்தினாள். "எம்புள்ளைய முழுங்கப் பாத்தீங்களேடி! வாழைமரத்தை முழுங்குனவளுக்கு ஒரு மணி நேரத்தை முழுங்கறது என்ன பெரிசா?"

மணிமேகலை தஸ்லீமைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். "அங்க தருமபுரியில ஒரு பொண்ணுங்க, அவளுக்கும் எட்டுலதான்..."

காளியப்பன் அறைந்தான். மரத்தை வெட்டிய கை. "உனக்கு ஆவாதது எம்புள்ளைக்கும் ஆவக்கூடாதுன்னு பண்ணியிருக்க. உன்னை வூட்டுல வெச்சேன் பாரு."

காப்பாற்ற அடித்த பொய் கெடுக்க அடித்ததாயிற்று. அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பொறாமை இருக்கும் என்பது கிரகங்களைவிட உறுதியாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலர்விழி நவநீதனைப் பார்த்தாள். "நீ சொல்லு."

அவன் ஓசூரில் செல்போன் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறவன். கரண்ட் சரியாகப் பாய்கிறதா என்று அளந்து பார்க்காமல் ஒரு போர்டையும் வெளியே அனுப்பாதவன். அளக்கத் தெரிந்த அந்தக் கண் தரையைப் பார்த்தது.

"அம்மா மனசு கஷ்டப்படுது மலரு. கொஞ்ச நாள் போவட்டும்."

"எட்டுல செவ்வான்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

நம் நாட்டில் படித்தவனின் பகுத்தறிவு இவ்வளவுதான். நம்ப மாட்டான், ஆனால் ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா என்பான். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பெண்களைப் பலி கொடுத்தாலும் அவன் கையில் ரத்தக்கறை இருக்காது.

அவர்கள் போன பிறகு மலர்விழி அத்தையின் அருகில் வந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று மணிமேகலை நினைத்தாள்.

"தோஷம்னா பேசியாச்சும் பாத்திருப்பேன். இப்ப நம்ம வூடே திருட்டுக் குடும்பமாயிருச்சு. உன்னை யாரு மாத்தச் சொன்னது?"

அன்று மாலையே அவள் ஓசூருக்குப் பஸ் ஏறினாள். அதன் பிறகு அத்தையின் போனை எடுக்கவில்லை.

கிருஷ்ணப்பன் மணிமேகலையை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இரக்கமாக இருந்திருக்கும். சுபியானை வரவழைத்துச் சத்தத்துக்கு வழி கேட்டு, அந்தத் தட்டும் சாமானை மாட்டச் சொன்னார்.

"எவ்வளவு நேரம் தட்டணுங்க?" என்று கேட்டான் சுபியான்.

"கன்னத்துல போட்டுக்கற வரைக்கும் தட்டட்டும்."

அவன் சிரித்துக்கொண்டே அப்படியே மாட்டினான். தனக்கு இது தொழில் என்று நினைத்தான். நாட்டில் மூடத்தனத்துக்கு மின்சாரம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெஷின் மறுபடியும் கரகரத்தது. சென்றாயப் பெருமாள் மௌனவிரதம் முடித்துவிட்டார் என்று கிருஷ்ணப்பன் சொன்னார். கூட்டம் வந்தது. மணிமேகலையைக் காட்டிச் சொல்லும் கதையும் நீண்டது. "இவளுக்கு ஏழுல. அண்ணன் பொண்ணுக்கு எட்டுல. ரெண்டையும் எங்க மெஷின்தான் கண்டுபிடிச்சுது. ஏன் மேகலை?"

"ஆமாங்கய்யா."

தை மாதத்தில் ஒருநாள் பச்சியப்பனும் கண்ணம்மாளும் மறுபடியும் படியேறினார்கள். கூடவே வேறொரு பெண்ணும் அவள் அம்மாவும். நவநீதனுக்குப் பொருத்தம் பார்க்க. மணிமேகலையைப் பார்த்ததும் கண்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நேரத்தைச் சரியா அடிக்கச் சொல்லுங்க."

"நான் பின்னாடியே நிக்கறேங்க," என்றார் கிருஷ்ணப்பன். புது ஆட்களுக்காக அந்தக் கதையை முதலிலிருந்து தொடங்கினார். "இந்தம்மாவப் பாருங்க. ஏழுல செவ்வா. ஏன் மேகலை, ஒரு கல்யாணம் கூடிச்சா?"

அவள் இல்லீங்கய்யா என்று சொல்லவில்லை. எழுந்தாள். மெஷினின் மூடியைத் தூக்கினாள். தூசு தட்ட வசதியாக அதற்குத் திருகாணி போடாமலே வைத்திருந்தாள். கையை நீட்டி என்டரைத் தட்டினாள். கரகர சத்தம் எழுந்தது. உள்ளே ஒரு வயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

"சத்தம் இதுலேருந்து வருதுங்க. பொம்மை. கணக்கு இதுல இருக்குது." எஸ்டி கார்டை உருவி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தூக்கிக் காட்டினாள். "கேமராவுல போடற கார்டு. தருமபுரியில போட்டது. இதுல கிரகமும் இல்ல, பெருமாளும் இல்ல. எனக்கு ஏன் கல்யாணம் ஆவலைன்னா, இது சொன்னதுனால இல்ல. இது சொன்னதை நீங்க கேட்டதுனால."

வாழ்நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பெண்ணின் அம்மா மெல்ல எழுந்து வந்து, கார்டை அவள் விரலிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள்.

"இத்துனூண்டுக்குள்ளயா ஒம்பது கிரகமும் அடங்கியிருக்குது!" என்றாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "பெருமாளே."

"அதாங்கம்மா," என்று கிருஷ்ணப்பன் உடனே பிடித்துக்கொண்டார். "பெரிய உருவத்தை விட்டுட்டு இப்ப சூட்சுமமா எறங்கியிருக்காரு."

பச்சியப்பனும் எழுந்து, தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினார்.

மணிமேகலை கார்டைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். அப்பளம் நொறுங்குவதைப் போல ஒரு சின்னச் சத்தம். இரண்டு துண்டு.

முதலில் அலறியது கண்ணம்மாள்தான். "அபசகுனம்! பொருத்தம் பாக்க உக்காந்த எடத்துல சாமியே ஒடைஞ்சிருச்சு!" பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தப் பொண்ணு வேணாம். வந்த அன்னைக்கே இப்பிடின்னா, வூட்டுக்குள்ள வந்தா என்னென்ன ஒடையுமோ." அம்மா தலையில் அடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் படியிறங்கி ஓடினாள். எஞ்சி நின்றது அந்தப் பெண் மட்டும். அதுவரை வாய் திறக்காதவள். மலர்விழியின் வயதுதான் இருக்கும்.

"நான் உங்களுக்கு என்னங்க பண்ணேன்?" என்று கேட்டாள்.

மணிமேகலையின் கையில் இரண்டு துண்டும் அப்படியே இருந்தன.

மறுநாள் மத்தியானத்துக்குள் மெஷின் ஓடியது. "அது ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. காப்பி இருக்குது. எத்தனை வேணும்னாலும் போட்டுக்கலாம்," என்று சுபியான் சொல்லி அனுப்பியிருந்தான். கூடவே உபரியாக இரண்டு கார்டுகள். உடைந்த துண்டுகளைக் கிருஷ்ணப்பன் ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டு, மஞ்சள் துணி விரித்து, மானிட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார். தோஷக்காரியின் கை பட்டதும் பெருமாள் வெடித்த இடம் என்று காட்டுகிறார். வருகிறவர்கள் அதற்குத் தனியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முன்பு இருந்த டிஸ்க்குக்கு ஒரு சாவு இருந்தது. தேய்ந்தது, முட்டியது, நின்றது. இப்போது உள்ளே இருப்பதற்கு அதுவும் இல்லை.

அண்ணன் வீட்டில் மணிமேகலைக்கு இடமில்லாமல் போயிற்று. தக்காளி மண்டிக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். விடியுமுன் வண்டிகள் வரும். நல்லது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம் என்று தக்காளி பிரிக்கிறாள். பழத்துக்குப் பிறந்த நேரம் கேட்பதில்லை. தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. பக்கத்தில் பிரிக்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் கண்ணில் படாமல் உட்காரவைக்கிறார்கள்.

கார்டு உடைந்த கதை ஓசூர் வரைக்கும் போயிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், கை முழுக்கத் தக்காளிச் சாற்றோடு இருந்தபோது, மலர்விழியின் பெயர் போனில் மின்னியது. புடவையில் கையைத் துடைத்துவிட்டு அவசரமாக எடுத்தாள்.

"கண்ணு..."

மறுபக்கம் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல்.

"அத்தை, அந்த மெஷின் தானாத்தானே செத்துக் கெடந்துச்சு," என்றாள் மலர்விழி. "நான் சொன்னேன்னு நீ ஏன் தூக்கிட்டுப் போன?"